எல்லா நாளும் 0.5

31 வருடம் அடுத்தவர் எழுதிய கணக்கைச் சரிபார்த்துச் சம்பாதித்தவள் நான். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், குழாயைத் திறந்தால் வரும், மோட்டார் கெட்டுப்போனால் வராது, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பின் தண்ணீர்க் குழுவில் பொருளாளர் இடம் காலியானபோது, "உங்களுக்குத்தான் கணக்கு தெரியுமே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மாதம் ஒரு மணி நேர வேலை என்றார்கள். அது பொய்.

மொத்தம் 74 வீடுகள். இரண்டு போர்வெல், 50,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, அதிலிருந்து தெருத்தெருவாகப் போகும் குழாய். வேறு எங்கிருந்தும் தண்ணீர் வராது. மோட்டார் போட, வால்வு திறக்க, ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற ஒரே ஒரு பெரியவர். ஒன்பது வருடமாக அவர்தான். நான் பொறுப்பேற்ற அன்று என்னிடம் வந்தவை மூன்று: ரொக்கப் புத்தகம், பீரோ சாவி, அப்புறம் அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டு. அட்டையில் "குளோரின்" என்று எழுதியிருந்தது.

பழக்க தோஷம், நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தேதி, நேரம், அளவு. முதல் சில மாதங்கள் 0.3, 0.6, 0.2, 0.5 என்று ஏறி இறங்கின. அதற்கப்புறம் 0.5. மறுநாளும் 0.5. மழை நாளிலும் 0.5, மோட்டார் கெட்டு மூன்று நாள் தண்ணீரே வராத நாட்களிலும் 0.5. இப்படிப் 14 மாதம்.

சில்லறைச் செலவு ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையாக வந்தால் தணிக்கைக்காரி அந்தப் பக்கத்தைத் தாண்ட மாட்டாள். எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமலே இது பொய் எண் என்று தெரிந்துவிட்டது. என்ன எண் என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

கிருமியைக் கொல்லத் தண்ணீரில் குளோரின் போட்டால் அதில் ஒரு பகுதியை அங்கே இருக்கும் இரும்பு, அழுக்கு, கிருமி எல்லாம் தின்றுவிடும். தின்றது போக மிஞ்சுவதுதான் எஞ்சிய குளோரின். தொட்டியில் இருந்து கடைசி வீட்டுக் குழாய்வரை வழியில் ஏதாவது புகுந்தால் சமாளிக்க அந்த மிச்சம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு, பிஎச் (அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 8-க்குக் கீழே உள்ள தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் ஊறிய பிறகு லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது. குழாய் முனையில் 0.2-க்குக் குறையக் கூடாது. நம் பெரியவர் தப்பான எண்ணை எழுதவில்லை. சரியான விடையைத் தினமும் எழுதியிருக்கிறார், கணக்கைப் போடாமல்.

மோட்டார் அறைக்குப் போய்க் கேட்டேன். "அண்ணே, இந்த 0.5 எப்படிப் பார்க்குறீங்க?"

அவர் ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே இரண்டு கண்ணாடிக் குழல், நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வட்டத்தகடு. மாத்திரை இருக்க வேண்டிய இடம் காலி.

"மாத்திரை தீந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. கேட்டேன். அப்புறம் பாக்கலாம்னாங்க. நோட்ட காலியா விட்டா, வேலை செய்யலன்னு கூட்டத்துல திட்டுனாங்க. அதான்."

திரும்பி வந்து பழைய ரசீதுக் கட்டைப் பிரித்தேன். அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "குளோரின் பாக்கற மாத்திரை 1 பெட்டி." மூலையில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டு மடித்து வைத்திருந்தார்கள். அடுத்த மாதமும் ஒரு சீட்டு. அதற்கு அடுத்த மாதம் சீட்டு இல்லை. 0.5 தொடங்கியது அந்த மாதம்தான்.

அன்று இரவு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது வாக்கர்டன் கண்ணில் பட்டது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சிற்றூர். நிலத்தடி நீர்தான் குடிநீர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்தது. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்து கிருமிகள் ஐந்தாம் எண் கிணற்றுக்குள் இறங்கின. ஆழம் குறைந்த கிணறு, அடியில் பிளவுபட்ட பாறை. 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணை நடந்தது. அதில் வெளிவந்த ஒரு விவரத்தை நான் இரண்டு முறை படித்தேன். அங்கே தினசரிக் குளோரின் தாளில் பெரும்பாலும் 0.5 அல்லது 0.75 என்றே எழுதியிருந்தார்கள். அளந்து எழுதியவை அல்ல. தினமும் ஒழுங்காக அளந்திருந்தால் குளோரின் போதாமல் போனது தெரிந்திருக்கும், கிணற்றை மூடியிருக்கலாம். சாணம் கிணற்றுக்குப் போனதில் பண்ணைக்காரர் மேல் குற்றமில்லை, அவர் முறைப்படிதான் நடந்திருந்தார் என்றும் விசாரணை சொன்னது.

நான் தூங்கவில்லை.

மாத்திரை வாங்கினோம். டிபிடி மாத்திரை, தண்ணீரில் போட்டால் குளோரினுக்கு ஏற்ப இளஞ்சிவப்பாக மாறும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் 0.2. கடைசித் தெருவின் கடைசி வீட்டில் சிவப்பின் சாயல்கூட இல்லை. பெரியவர் தினமும் சொன்ன அளவு பவுடரைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்படியானால் குளோரின் எங்கே?

ப்ளீச்சிங் பவுடர் மூட்டையை மோட்டார் அறையிலேயே, வாயைத் திறந்தபடி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே சுவரில் இருந்த இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டி துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. மூட்டையிலிருந்து காற்றில் கசிந்த குளோரின்தான் அந்த இரும்பை அரித்துக்கொண்டிருந்தது. புதிய பவுடரில் 33 சதவீதம்போல் குளோரின் இருக்கும். 50,000 லிட்டருக்கு லிட்டர் ஒன்றுக்கு 2 மி.கி. வீதம் என்றால் 100 கிராம் குளோரின் வேண்டும், அதற்கு 300 கிராம் பவுடர். வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் போன பவுடரை அதே 300 கிராம் போட்டால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிய மாதிரிதான். இந்தக் கணக்கைப் போட எனக்கு அறிவியல் தேவைப்படவில்லை. தேய்மானக் கணக்கு, அவ்வளவுதான்.

மூடிபோட்ட டிரம்மில் புதுப் பவுடர் வந்தது. அதிலும் ஒரு கூத்து நடந்தது. கரைசலை ஊற்றிய கையோடு தொட்டிக்குள்ளிருந்தே தண்ணீர் மொண்டு சோதித்தோம். மாத்திரை விழுந்ததும் ஒரு நொடி சிவந்து உடனே வெளுத்துப்போனது. "குளோரினே இல்லம்மா" என்று பெரியவர் இன்னும் அரை கிலோவைக் கரைக்கப் போனார். நல்லவேளை, மாத்திரை டப்பாவில் இருந்த சீட்டை நான் படித்துக்கொண்டிருந்தேன். குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் அது மாத்திரையின் நிறத்தையே வெளுத்துவிடும். நல்ல தண்ணீர் கலந்து பத்தில் ஒரு பங்காக்கிப் பார்த்தபோது செக்கச்செவேல் என்று வந்தது. சுழியமும் பத்தும் ஒரே மாதிரி தெரியும் ஒரு கருவியை அன்றுதான் பார்த்தேன். அன்று சாயங்காலம் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது என்று 11 வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். 14 மாதம் போதுமான குளோரின் இல்லாமல் குடித்தபோது ஒருவரும் வரவில்லை.

இப்போது அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் தொங்கிய ஆய்வக அறிக்கைக்கு வருகிறேன். "குடிக்க உகந்தது" என்று முத்திரையோடு இருந்தது. கூட்டத்தில் யார் எதைக் கேட்டாலும் அந்தப் பலகையைக் காட்டுவார்கள். மாதிரி எப்படி எடுத்தீர்கள் என்று விசாரித்தேன். மழையே இல்லாத மாதத்தில், தொட்டியை ப்ளீச்சிங் போட்டுக் கழுவிய மறுநாள், மோட்டார் அறைக் குழாயிலேயே, பழைய பாட்டில் ஒன்றைக் கழுவிப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் பாட்டிலுக்குள் இருந்த குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே போயிருக்கும். ஆய்வகத்தின் மேல் குற்றமில்லை, தங்கள் மேசைக்கு வந்த பாட்டிலைப் பற்றி அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்.

முறையாக எடுக்க ஆய்வகமே பாட்டில் தருகிறது. கிருமி நீக்கிய பாட்டில், உள்ளே துளி சோடியம் தையோசல்பேட். அது குளோரினை அங்கேயே நிறுத்திவிடும், அதனால் வழியில் கிருமி சாகாது, குழாயில் இருந்த நிலை அப்படியே ஆய்வகத்துக்குப் போகும். பாட்டிலை அலசக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. குழாய் முனையைச் சுத்தம் செய்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். எங்கே, எப்போது பிடிப்பது என்பதுதான் அதைவிட முக்கியம். கடைசி வீட்டில், பெரிய மழைக்கு அடுத்த நாள் பிடிப்பது என்று முடிவு செய்தேன். தணிக்கைக்குப் போகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவாரா?

மழைக்காகக் காத்திருந்த நாட்களில் பெரியவரோடு ஒரு சுற்று வந்தேன். சும்மா பார்த்துக்கொண்டு நடப்பதுதான். குடிநீர்க்காரர்கள் இதைச் சுகாதார ஆய்வு என்கிறார்கள். கிணற்றைச் சுற்றியுள்ள தளத்தில் விரிசல் உண்டா, கழிவறைக் குழி எவ்வளவு தூரம், தண்ணீர் தேங்குகிறதா, தொட்டிக்கு மூடி உண்டா என்று ஆமாம், இல்லை என்று விடை போடும் சாதாரணக் கேள்விகள். கருவி வேண்டாம், கண் போதும். இத்தனை வருடமாக இதை யாரும் செய்யவில்லை.

முதல் போர்வெல்லின் தலை எங்கே என்று கேட்டேன். பெரியவர் ஒரு கான்கிரீட் பலகையைக் காட்டினார். பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று போர்த் துளைக்கு உறையாக இறக்கியிருக்கும் கேசிங் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, மூன்றடிக் குழிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். பலகையைத் தூக்கினோம். கேசிங்கின் மூடியில் கேபிள் இறங்க ஒரு ஓட்டை, அதைச் சுற்றி அடைப்பு ஏதும் இல்லை. குழியின் சுவரில் சேறு காய்ந்து ஒரு கோடு. அந்தக் கோடு கேசிங் மூடியைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

எனக்கு அதற்குமேல் ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் தெருத் தண்ணீர் அந்தக் குழியில் நிரம்பி, ஓட்டை வழியே நேராகப் போர்வெல்லுக்குள் இறங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான அடி மண்ணும் பாறையும் வடிகட்டித் தரும் தண்ணீர் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்திலேயே வடிகட்டாத குறுக்கு வழி ஒன்றை நாங்களே வெட்டி, மேலே பலகை போட்டு வைத்திருந்தோம். போர் போடும்போது கேசிங்குக்கு வெளியே மண்ணுக்கும் குழாய்க்கும் இடையே இருக்கும் இடைவெளியைச் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்டதற்குப் பெரியவர் சிரித்தார்.

மழை வந்தது. மறுநாள் குளோரின் போடும் முன்பே கடைசி வீட்டிலும் முதல் போரிலும் பிடித்துக் கொடுத்தேன். விடை: இரண்டிலும் ஈ.கோலை உண்டு. 100 மி.லி. தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஈ.கோலை மனித, விலங்குக் குடலில் வாழ்ந்து மலத்தோடு வெளியேறும் கிருமி. அது வந்த வழியில் வேறு எதுவும் வரலாம் என்பதற்கான அடையாளம்.

அன்றே 74 வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னோம்: தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள், பல் தேய்க்கவும் அதையே பயன்படுத்துங்கள். ஒருவர் பாக்கெட்டிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் முக்கி, "பாருங்க, 410. நல்ல தண்ணிதான்" என்றார். அந்தக் கருவி கரைந்த உப்பைத்தான் அளக்கும். உயிருள்ள எதையும் அதற்குத் தெரியாது. சாக்கடையில் முக்கினாலும் ஒரு எண்ணைக் காட்டும். இதை நான் எவ்வளவு பொறுமையாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவர் கோபப்பட்டார். இன்னொருவருக்குப் பலகையில் இருந்து பழைய அறிக்கையைக் கழற்றியதுதான் வருத்தம். வீடு விற்க நினைத்திருக்கிறார்.

வேலை இரண்டு வாரம் நடந்தது. கேசிங்கை ஒட்டு வைத்துத் தரைக்கு மேலே இரண்டடி தூக்கினோம், குழியை அடைத்தோம், சுற்றிலும் வெளிப்பக்கம் சரியும் தளம் போட்டோம், கேபிள் ஓட்டைக்கு இறுக்கமான மூடி. அப்புறம் அதிகக் குளோரினைப் போருக்குள் இறக்கி, ஒரு இரவு முழுக்க ஊறவிட்டு, வாடை போகும்வரை வெளியே இறைத்துவிட்டோம். தொட்டியை இறக்கிக் கழுவியபோது அடியில் ஒரு விரல்கடை சேறு. பல்லி விவகாரத்தை எழுத வேண்டாம் என்று என் மகள் சொல்லிவிட்டாள். அடுத்தடுத்து இரண்டு மாதிரிகளும் சுத்தமாக வந்தன.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாதிரி கொடுக்கும்போதே ரசாயனப் பரிசோதனைக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அது தாமதமாக வந்தது. நைட்ரேட்: முதல் போர் 18, இரண்டாவது போர் 71. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மி.கி. உரத்திலிருந்தும் கழிவுக் குழியிலிருந்தும் மெல்ல மண்ணில் இறங்கிச் சேர்வது. இரண்டாவது போரிலிருந்து பக்கத்து செப்டிக் டேங்குக்கு நாடா பிடித்து அளந்தோம், 11 மீட்டர். பொதுவாக 30 மீட்டர் விடச் சொல்வார்கள்.

பெரியவர்களுக்கு இந்த அளவில் உடனடியாக ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குத்தான் ஆபத்து. பால்பவுடரை இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், நைட்ரேட் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். கிணற்றுத் தண்ணீருக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் கண்டு எழுதினார்.

என் வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். நான்தான் வீடு வீடாகப் போய்க் கொதிக்க வைக்கச் சொன்னேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது அடர்த்தியாகும். அதே வாரங்களில் முதல் போர் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது, ஊர் முழுக்க ஓடியது இரண்டாவது போர்த் தண்ணீர் மட்டும்.

மூன்றாவது தெருவில் நான்கு மாதக் குழந்தை ஒன்று உண்டு. ஓடினேன். "இல்லக்கா, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளே எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "ரெண்டையும் சமமா கலந்தா 44 புள்ளி 5 தானே, 50-க்குள்ள வந்துடுது." கணக்கு சரி. ஒரு மோட்டார் ஓடாத நாளில் சராசரி எங்கே இருக்கும் என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் இரண்டாவது போரைக் குடிநீரிலிருந்து துண்டித்துவிட்டோம்.

அதனால் தண்ணீர் குறைந்தது. நாள் முழுக்க வந்தது காலை 3 மணி நேரம், மாலை 2 மணி நேரம் என்றானது. இதிலும் ஒரு வினை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஒழுகும் இடத்தில் தண்ணீர் வெளியே போகும். குழாய் காலியானால் அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே வரும். நைட்ரேட்டைத் தவிர்க்கப்போய்க் கிருமிக்கு வழிவிடுகிறேனா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஒழுகல்களைத் தேடி அடைத்துக்கொண்டிருக்கிறோம், இதுவரை ஒன்பது. தண்ணீர் திறந்த முதல் சில நிமிடம் வருவதைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். புதிய போர் போடலாமா, எங்கே போடலாம் என்று பேச்சு நடக்கிறது. இப்போதைக்கு எஞ்சிய குளோரினைத் தினமும் இரண்டு இடத்தில் பார்க்கிறோம், தொட்டியடியிலும் கடைசி வீட்டிலும்.

கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட வைத்தேன். நோட்டில் எண் குறைவாக இருந்தாலும், இல்லாமலே இருந்தாலும், எழுதியவரை யாரும் திட்டக் கூடாது. சிலர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

நேற்று மாலை நோட்டைப் பார்த்தேன். 0.4, 0.2. அடுத்த நாள் 0.6, 0.3. அதற்கு அடுத்தது 0.3, 0.1, பக்கத்தில் "பவுடர் கொஞ்சம் கூட்டினேன்". ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே எண் இல்லை. கோணல் கையெழுத்தில், "பேரனுக்கு காய்ச்சல். இன்று பார்க்கவில்லை."